கற்பூரவள்ளிச் சாற்றைச் சுற்றிய வட்டம்: குளிசையை நிறுத்தலாமா?

கேள்வி, 2023 நவம்பர் 3

உயர்தர உயிரியல் படிக்கும் என் மகள், வளவில் நின்ற கற்பூரவள்ளி இலையை இடித்து ஸ்பிரிற்றில் ஊறவைத்து, வடித்த சாற்றைச் சிறிய வடிதாள் வட்டில் தோய்த்து, பற்றீரியா பரப்பிய ஏகார்த் தட்டில் (ஏகார் என்பது பற்றீரியா வளர்க்கும் கூழ்) வைத்தாள். அடுத்த நாள் அந்த வட்டைச் சுற்றி எதுவுமே வளராத வெறும் வட்டம் ஒன்று தெரிந்தது. ஆசிரியர் எடுத்துக்கொடுத்த சிப்ரோபுளொக்சசின் என்னும் அன்ரிபயோட்டிக் வட்டைச் சுற்றியிருந்த வட்டத்தைவிட அது பெரிது. அப்படியென்றால் எங்கள் நாட்டு வைத்தியர்களான பரியாரியார்மார் சொன்ன இந்த இலை அன்ரிபயோட்டிக்கையும் மிஞ்சியதுதானே? என் தகப்பனாரின் காற்புண்ணுக்கு ஆசுப்பத்திரியில் தந்த குளிசையை நிறுத்திவிட்டு இந்தச் சாற்றையே கட்டலாமா?

2023 நவம்பர் 3, இரவு

குளிசையை நிறுத்த வேண்டாம். தகப்பனாருக்கு நீரிழிவு இருந்தால் புண்ணைக் காட்டுவதற்கு அடுத்த கிளினிக் நாள் வரும்வரையும் காத்திருக்க வேண்டாம். வட்டத்தைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

2023 நவம்பர் 4

நான் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இந்த வட்டங்களை அளவுகோல் வைத்து அளப்பதிலேயே பல வருடங்கள் கழிந்தன. அதனால் வட்டத்தின் மீது எனக்கு மரியாதையும் உண்டு, அதைவிடக் கூடுதலாகச் சந்தேகமும் உண்டு.

முதலாவது, ஸ்பிரிற். சாற்றில் தோய்த்த வட்டை நன்றாக உலரவிட்டுத்தான் தட்டில் வைத்தாளா? ஈரமாக வைத்திருந்தால் அந்த வட்டத்தின் ஒரு பங்கு ஸ்பிரிற்றிலுள்ள எதனோலுக்குச் சொந்தம்; அதுவும் பற்றீரியாவைக் கொல்லும். இலையே இல்லாத வெறும் ஸ்பிரிற்றில் தோய்த்த இன்னொரு வட்டு அதே தட்டில் இருந்ததா? கேள்வியில் அதைப் பற்றிய பேச்சில்லை. பயிற்சிக் காலத்தில் நானும் இதையேதான் செய்தேன். மெதனோலில் எடுத்த சாறு, உலராத வட்டு, அழகான வட்டம். ஓடிப்போய்ப் பொறுப்பாளரிடம் காட்டினேன். அவர் தட்டை வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "வெறும் வட்டு எங்கே?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் வைத்த வெறும் மெதனோல் வட்டும் ஏறக்குறைய அதே அளவு வட்டத்தைத் தந்தது. கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்னும் சொல்லை அதற்கு முன் நான் புத்தகத்தில்தான் படித்திருந்தேன்.

இரண்டாவது, அளவு. சிப்ரோபுளொக்சசின் நியம வட்டில் இருக்கும் மருந்து 5 மைக்குரோகிராம். ஒரு வட்டில் 10 மைக்குரோலீற்றர் கற்பூரவள்ளி எண்ணெயை விட்டால் ஏறக்குறைய 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்குரோகிராம் போகிறது. இரண்டாயிரம் மடங்கு போட்டுவிட்டு வட்டம் பெரிது என்று மகிழ்வது, ஒரு மூடை நெல்லை ஒரு மணி அரிசியோடு தராசில் வைப்பதற்குச் சமம். உங்கள் மகள் போட்டது எண்ணெய் இல்லை, சாறு. அதில் எண்ணெய் குறைவு, பச்சையமும் சீனியும் மற்றப் பொருள்களும் அதிகம். எனவே எத்தனை மைக்குரோகிராம் எதைப் போட்டாள் என்பதே தெரியாது.

மூன்றாவது, பரவல். ஏகார் என்பது பெரும்பாலும் நீர். நீரில் நன்றாகக் கரையும் சிறிய மூலக்கூறு அதற்குள் தூரம் போகும். எண்ணெய்ப் பொருள் வட்டின் அடியிலேயே தங்கிவிடும். ஆகவே சிறிய வட்டம் தரும் பொருள் வலுக்குறைந்தது என்றும் சொல்ல முடியாது. இந்தக் குறை கற்பூரவள்ளிக்குப் பாதகமாகவும் வேலை செய்யும் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். 1966இல் போவரும் கேர்பியும் கூட்டாளிகளும் இந்த வட்டு முறையை ஒழுங்குபடுத்தியது, நோயாளியிடமிருந்து எடுத்த பற்றீரியாவுக்கு எந்த அன்ரிபயோட்டிக் பலன் தரும் என்று தெரிவதற்காக. அங்கே ஒவ்வொரு மருந்துக்கும் தனி அட்டவணை உண்டு. ஒரு மருந்தின் வட்டத்தை இன்னொரு மருந்தின் வட்டத்தோடு ஒப்பிட்டு இது வலிது, அது மெலிது என்று சொல்வதை அந்த முறையே அனுமதிப்பதில்லை.

2023 நவம்பர் 4, பிற்பகல்

விட்டுப்போனது: அந்தப் பற்றீரியா எங்கிருந்து வந்தது? கையிலிருந்தோ புண்ணிலிருந்தோ எடுத்து வளர்த்திருந்தால் தட்டைத் திறக்காமல் ஒட்டி மூடி, பிறெசர் குக்கரில் வைத்து அழித்துவிடுங்கள். பாடசாலை மட்டத்தில் தயிரிலிருந்து எடுப்பதே போதும்.

2023 நவம்பர் 5

தமிழ்நாட்டிலிருந்து ஒருவர், "கற்பூரவள்ளி வாழைப்பழத்தில் எண்ணெய் எங்கே எடுக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அவர்களுக்கு அந்தப் பெயரில் ஒரு வாழை உண்டு. நாங்கள் பேசுவது தடித்த, மயிர் படர்ந்த, ஓரம் பல்லுப் பல்லாக இருக்கும் இலைச்செடி. ஓமவல்லி என்று அங்கே சொல்வதும் இதுவே. 1790இல் தாவரவியலாளர் லூரெய்ரோ இதற்குக் கோலியஸ் அம்போயினிக்கஸ் என்று விஞ்ஞானப் பெயரிட்டார்; இந்தோனேசியாவின் அம்போன் தீவு அந்தப் பெயருக்குள் இருக்கிறது. பிறகு நெடுங்காலம் பிளெக்றாந்தஸ் ஆக இருந்துவிட்டு, அண்மையில் மீண்டும் கோலியஸ் ஆகியிருக்கிறது. பழைய கட்டுரைகளைத் தேடுவோர் இரண்டு பெயரிலும் தேட வேண்டும். பெயரில் கற்பூரம் இருந்தாலும் மணம் என்னவோ ஓமத்தினுடையது.

2023 நவம்பர் 9

அந்த ஓம மணம்தான் விடயத்தின் நடு. இச்செடியின் எண்ணெயில் பெரும்பாலும் முதன்மையாக இருப்பது கார்வக்குரோல்; சில இடத்துச் செடிகளில் தைமோல். இரண்டுக்கும் ஒரே சூத்திரம்: காபன் 10, ஐதரசன் 14, ஒட்சிசன் 1. ஐதரொட்சில் கூட்டம் வளையத்தில் நிற்கும் இடம் மட்டும் வேறு. இந்தச் சிறிய வேறுபாட்டால் தைமோல் அறை வெப்பநிலையில் பளிங்காக இருக்கிறது, கார்வக்குரோல் திரவமாக இருக்கிறது. ஓமத்தில் இருப்பது தைமோல். இரண்டும் பீனோல் குடும்பம்; 1865இல் அறுவை மருத்துவர் லிஸ்ரர் கிளாஸ்கோவில் காயத்துக்குக் கட்டிய காபோலிக் அமிலம் இந்தக் குடும்பத்தின் மூத்தது.

இவை பற்றீரியாக் கலத்தின் மென்சவ்வில் உள்ள கொழுப்புக்குள் புகுந்து அதை நெகிழ்த்துகின்றன. உடனே உள்ளிருக்கும் பொற்றாசியம் அயன் வெளியே கசியும். சவ்வின் இரு பக்கமும் பேணப்படும் ஐதரசன் அயன் வேறுபாடு சரியும். அந்த வேறுபாட்டைக் கொண்டு, கலத்துக்குச் சக்தி தரும் ஏ.ரீ.பி. என்னும் பொருளை ஆக்கும் வேலை நின்றுபோகும். ஓட்டைத் தோணியில் நீர் இறைத்துக்கொண்டே துடுப்புப் போடுவதைப் போன்ற நிலைமை. ஒரு நொதியத்தை மட்டும் குறிவைக்கும் மருந்தைப்போல இது குறிபார்த்துச் செயற்படுவதில்லை. பற்றீரியாவின் சவ்வும் எங்கள் கலத்தின் சவ்வும் கொழுப்பால் ஆனவையே. இதை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

கிராம் என்னும் சாயமிடும் முறையால் பற்றீரியாவை நேர், மறை என்று இரண்டாகப் பிரிப்பர். கிராம் நேர் பற்றீரியாவான ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியசுக்கு வெளிச்சவ்வு இல்லை. எண்ணெய் நேரே உள்ளே போகிறது. கிராம் மறையான ஈ. கோலைக்கு வெளிச்சவ்வு உண்டு. ஆயினும் கார்வக்குரோல் சிறிய மூலக்கூறு என்பதால் அதையும் குலைத்துக்கொண்டு நுழைந்துவிடும். சூடோமொனாஸ் எருஜினோசாவின் நிலை வேறு. அதன் வெளிச்சவ்வு இறுக்கமானது, உள்ளே வந்ததைத் திருப்பி வெளியே தள்ளும் பம்பிகளும் அதற்குண்டு. காற்புண்களில் அடிக்கடி காணப்படுவதும் இந்தச் சூடோமொனாஸ்தான். தயிர்ப் பற்றீரியாவில் கிடைத்த வட்டத்தைக் காற்புண்ணுக்குக் கொண்டுபோக முடியாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

2023 நவம்பர் 10

"அப்படியென்றால் தடிமனுக்கு ஆச்சி அவித்துத் தந்த குடிநீரில் இந்த எண்ணெய் இருக்குமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கும். கார்வக்குரோலின் கொதிநிலை ஏறக்குறைய 237 பாகை செல்சியஸ். நீர் கொதிப்பது 100 பாகையில். ஆகவே எவ்வளவு நேரம் அவித்தாலும் எண்ணெய் போகாது.

2023 நவம்பர் 11

நேற்று எழுதியது பிழை. அழிக்காமல் விடுகிறேன், இரசாயனம் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவும். நீரோடு கலவாத எண்ணெயும் நீரும் ஒன்றாகக் கொதிக்கும்போது இரண்டின் ஆவியமுக்கங்களும் கூடி வளியமுக்கத்தை எட்டுவதால், கலவை 100 பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதித்து, நீராவியோடு எண்ணெயும் புறப்பட்டுவிடும். கொதிநீராவி வடிப்பு முறையில் எண்ணெய் எடுப்பதே இந்த விதியால்தான். அடுப்படி முழுவதும் மணக்கிறது என்றால் சட்டியிலிருந்து எண்ணெய் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். காலையில் இதை எழுதியபின் ஆச்சி மூடியைத் திறக்க விடாமல் பேசியது நினைவுக்கு வந்தது. நான் அதைத் தூசி விழாமல் இருக்க என்று எண்ணியிருந்தேன்.

இன்னொன்று: தடிமன் பெரும்பாலும் வைரசால் வருவது. பற்றீரியாவைக் கொல்லும் ஆற்றல் அங்கே பேச்சுக்கே வராது. குடிநீர் குடித்தபின் மூக்குத் திறந்து தொண்டை ஆறுவது உண்மை. அது ஆவியின் வேலை, சூட்டின் வேலை, பனங்கட்டியின் வேலையாகவும் இருக்கலாம்.

2023 நவம்பர் 19

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். ஐந்து இலை, இலை ஒன்று 2 கிராம், மொத்தம் 10 கிராம். இந்த இலை பெரும்பாலும் நீர் என்பதால் எண்ணெயின் பங்கைத் தாராளமாகவே 0.1 சதவீதம் என்று வைத்தேன்: 10 மில்லிகிராம். ஒரு துளியும் ஆவியாகாமல் எல்லாமே 200 மில்லிலீற்றர் குடிநீருக்குள் இறங்கியது என்று கொண்டாலும், மில்லிலீற்றருக்கு 50 மைக்குரோகிராம்.

பற்றீரியா வளராமல் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த செறிவை இழிவு நிரோதிப்புச் செறிவு என்பர். கார்வக்குரோலுக்கு இது பெரும்பாலும் மில்லிலீற்றருக்கு நூற்றுக்கணக்கான மைக்குரோகிராமாக வரும். ஆய்வுகூடங்கள் தரம் பார்ப்பதற்கு வைத்திருக்கும் 25922 என்னும் எண்ணுள்ள ஈ. கோலைக்குச் சிப்ரோபுளொக்சசினின் அதே அளவு 0.004 முதல் 0.015 மைக்குரோகிராம். தசமப் புள்ளி தவறி விழவில்லை. அன்ரிபயோட்டிக்கை மிஞ்சியது என்று சொல்வோர் இந்த இரு எண்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

குடித்தபின் என்ன நடக்கும்? தைமோலை உட்கொண்டவர்களின் குருதியைச் சோதித்தபோது தைமோலாக அது கிடைக்கவில்லை. தைமோல் சல்பேற்றாகத்தான் கிடைத்தது. உடல் அதைப் பிடித்து, சல்பேற்றுப் பூட்டுப் போட்டு, சிறுநீருக்கு அனுப்பிவிடுகிறது. வாய், தொண்டை, தோல், கிண்ணம், தரை ஆகியவற்றில் எண்ணெய் நேரே படும். குருதியில் அப்படி இல்லை. வாய்கொப்பளிக்கும் மருந்துகளில் தைமோல் சேர்க்கப்படுவது இந்த எல்லைக்குள் நின்று பார்த்தால் முற்றிலும் நியாயமானது.

2023 நவம்பர் 20

யாழ்ப்பாணத்துக் கைதடியில் சித்த மருத்துவம் கற்ற ஒருவர் எழுதிய மறுப்பு சரியானது, ஏற்கிறேன். குடிநீர் என்றால் எண்ணெய் மட்டும் என்று நான் கணக்குப் போட்டது குறைப்பார்வை. நீரில் இறங்கும் ரொஸ்மரினிக் அமிலம் போன்றவையும் இந்த இலையில் உண்டு. அவை அழற்சியைத் தணிப்பதோடு தொடர்புள்ளவை, பற்றீரியாவைக் கொல்வதை வைத்து அளக்கக் கூடாதவை. செகராசசேகரம், பரராசசேகரம் என்று அரசர் காலத்திலேயே வைத்திய நூல்கள் எழுந்த மண்ணில் பரியாரியார்மார் யாரும் "இது ஸ்ரபிலோகொக்கசைக் கொல்லும்" என்று சொல்லவில்லை. கபம், சளி, மாந்தம் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் வாயில் வைத்து, பிறகு அதை நிரூபித்துவிட்டோம் என்று கொண்டாடுகிறோம்.

2023 நவம்பர் 26

இரண்டு நாளாக மழை. எழுதலாமா வேண்டாமா என்று இருந்த ஒன்றை எழுதுகிறேன்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் நாவற்குழிப் பக்கமாக இடம்பெயர்ந்த அந்த இரவுக்குப் பிறகு, அதற்கப்பாலுள்ள தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் எங்களோடு பல குடும்பங்கள் இருந்தன. மாரி. சவர்க்காரம் கிடைப்பதே அரிது. பொருளாதாரத் தடை 1990இலிருந்தே இருந்தது. பிள்ளைகளுக்குச் சிரங்கு பரவி, சொறிந்த இடமெல்லாம் சீழ்வைத்தது. அங்கிருந்த வயதான ஓர் அம்மா அயல் வளவில் நின்ற கற்பூரவள்ளியையும் வேப்பிலையையும் பறித்து, பெரிய சட்டியில் மூடி அவித்து, காலையும் மாலையும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கழுவினார். கழுவிய துணியைத் தனியே அவித்தார். சில நாளில் சீழ் வற்றியது. ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன் நான். என் கையில் எதுவும் இருக்கவில்லை, அவர் கையில் ஒரு சட்டி இருந்தது.

பல வருடம் இதைக் கற்பூரவள்ளியின் வெற்றி என்றே எல்லோருக்கும் சொல்லிவந்தேன். இந்த இழையில் "வெறும் வட்டு எங்கே?" என்று மற்றவரைக் கேட்டபின் என்னையே கேட்க வேண்டியதாயிற்று. கொதித்து ஆறிய நீரால் ஒரு நாளைக்கு இருமுறை பொருக்கு அகற்றிக் கழுவியதும், துணியை அவித்ததும் இலையில்லாமலே எவ்வளவு செய்திருக்கும்? தெரியாது. வெறும் நீரால் கழுவப்பட்ட பிள்ளை என்று ஒருவரும் அங்கே இல்லை, இருந்திருக்கவும் கூடாது. அந்த அம்மாவின் மீது எனக்குள்ள மதிப்பு இதனால் ஒரு சொட்டும் குறையவில்லை. இலையைப் பற்றிச் சொன்ன சொல்லை மட்டும் ஒரு படி இறக்கி வைக்கிறேன்.

2023 டிசம்பர் 10

எண்ணெய் எடுத்துப் பார்த்தேன். இரண்டு கிலோ இலை, பழைய பிறெசர் குக்கர், விசில் கழற்றிய வாயில் ஒரு குழாய், குழாயைச் சுற்றிக் குளிர்நீர் வாளி. மூன்று மணி நேரத்தில் ஒரு போத்தல் மணநீர் கிடைத்தது; எண்ணெய்ப் படலம் என்று தனியே பிரித்தெடுக்க எதுவும் இல்லை. என் கணக்குப்படியே அதிகம் கிடைத்தாலும் 2 மில்லிலீற்றர். கார்வக்குரோலின் அடர்த்தி 0.977, நீரின் அடர்த்திக்கு அவ்வளவு அருகில் இருப்பதால் அது மேலே ஏறி நிற்காமல் பால்போலக் கலங்கிக் கிடக்கிறது. ஆய்வுகூடத்தில் இப்படி வடித்த எண்ணெயைப் பிரித்தெடுக்கக் கிளெவெஞ்சர் கருவி வைத்திருப்பது ஏன் என்று கை சுட்டபின் விளங்கியது. வீடு முழுக்க ஓம மணம். நுளம்பு போய்விட்டது என்றேன். நுளம்பு மட்டுமா, தானும் தங்கை வீட்டுக்குப் போகப்போவதாக மனைவி சொன்னார்.

கடையில் பத்து மில்லிலீற்றர் "தூய கற்பூரவள்ளி எண்ணெய்" மலிவு விலைக்குக் கிடைத்தால், எத்தனை கிலோ இலை அதற்குத் தேவை என்று வாங்குவோர் ஒருமுறை யோசிக்கவும்.

2023 டிசம்பர் 12

பற்றீரியாவைக் கொல்லும் என் செடியை வெள்ளைப்பூச்சி தின்றுகொண்டிருக்கிறது.

2024 ஜனவரி 6

"சாப்பிடும் இலைதானே, பஜ்ஜி போடுகிறோம், எண்ணெயைப் பூசினால் என்ன?" என்று கேட்டவருக்கு. இலை வேறு, செறிந்த எண்ணெய் வேறு. நவம்பர் 9இல் மறக்க வேண்டாம் என்று சொன்னது இதற்குத்தான்: பற்றீரியாவின் சவ்வைக் கரைக்கும் பொருளுக்கு உங்கள் தோலின் சவ்வு எது, அதன் சவ்வு எது என்று தெரியாது. கலக்காத எண்ணெய் புண்ணில் பட்டால் எரியும், அழற்சி கூடும், ஆறிவரும் புதுத் தசையும் கெடும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழுக்கிப்புழுவுக்குத் தைமோலைப் பெருமளவில் கொடுத்தார்கள். புழு விழுந்தது, நோயாளிகள் சிலரும் விழுந்தார்கள். பிறகு வேறு மருந்துக்கு மாறினார்கள்.

2024 ஜனவரி 21

கேள்வி கேட்டவரின் மகள் திரும்பச் செய்து படம் அனுப்பியிருக்கிறாள். தயிர்ப் பற்றீரியா, மூன்று வட்டுகளும் ஒரு மணி நேரம் உலர்த்தப்பட்டவை, ஒன்று வெறும் ஸ்பிரிற், ஒன்று இலைச்சாறு, ஒன்று ஓமத்தை அதே ஸ்பிரிற்றில் ஊறவைத்தது. வெறும் வட்டைச் சுற்றி ஒன்றுமில்லை. இலைச்சாற்றுக்கு வட்டின் ஓரத்தில் மெல்லிய வளையம், ஓமத்துக்கு அதைவிடத் தெளிவான வட்டம். அன்ரிபயோட்டிக் வட்டை இம்முறை வேறு தட்டில் வைத்திருக்கிறாள். எண்ணெயின் ஆவி மூடிய தட்டுக்குள் சுற்றி அயல்வட்டின் வட்டத்தையும் பெருப்பிக்கும் என்று தானே கண்டுபிடித்து எழுதியிருக்கிறாள். நான் இதுவரை சொல்லாதது அது. ஆவிதான் காரணமென்றால், வட்டை ஏகாரில் தொடாமல் மூடியின் உட்புறத்தில் ஒட்டிப் பார்க்கலாமா என்று கேட்கிறாள். பார்க்கலாம்; பெரிய ஆய்வுகூடங்களிலும் அப்படித்தான் பார்க்கிறார்கள். தகப்பனாரின் புண் ஆறிவருகிறதாம், குளிசை தொடர்கிறதாம்.

2024 மார்ச் 2

நவம்பர் 19 கணக்கில் ஒரு திருத்தம். இலை ஒன்று 2 கிராம் என்று கண்மதிப்பில் எழுதியிருந்தேன். நேற்று நகைக்கடைத் தராசில் ஐந்து இலையை வைத்தபோது 17 கிராம் வந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை எழுதவில்லை. ஆகவே மில்லிலீற்றருக்கு 50 என்பதை 85 மைக்குரோகிராம் என்று மாற்றி வாசிக்கவும். மழைவிட்டு வெயில் ஏறியதும் இலை சிறுத்து, மணம் கூடியிருக்கிறது. இதே ஐந்து இலையை ஆவணியில் நிறுத்தால் எண் மறுபடியும் மாறும்.